டிராக்குக்கு பிரேக் பேட்: தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, பெட்-இன் செய்வது

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்த வண்டியை ரேஸ் பாதையில் ஓட்ட விடும் நாள்) நடக்கும்போது, வண்டிகள் வந்து நிற்கும் பிட் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் பிரேக்கைப் பற்றி இரண்டு விதமான புலம்பல் காதில் விழும். ஒன்று, "ஏனுங்ணா, பெடல் கல்லாட்ட இருக்குது, வண்டி நிக்கவே மாட்டேங்குது." இன்னொன்று, "பெடல் அப்படியே உள்ள போகுதுங்ணா, ரெண்டு தடவை பம்ப் பண்ணாத்தான் புடிக்குது." பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: நல்ல பேடாகப் பார்த்து மாத்துங்க.

முதல் ஆளுக்கு அது சரியான வைத்தியம். அவருடைய பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. பேடைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசின் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வாயுவாக நிற்கிறது, உராய்வு போய்விட்டது. இரண்டாம் ஆளுக்குக் கொதித்திருப்பது பிரேக் ஆயில். ஆயிலில் குமிழி வந்தால் பெடல் அந்தக் குமிழியைத்தான் அமுக்கும், பேடை டிஸ்க்கோடு இறுக்கும் காலிப்பரை அமுக்காது. எவ்வளவு விலை உயர்ந்த பேட் போட்டாலும் இது தீராது. சொல்லப்போனால், அதிகச் சூடு தாங்கும் பேட் போட்டு இன்னும் தாமதமாக பிரேக் பிடித்தால், ஆயில் முன்பைவிட சீக்கிரமே கொதிக்கும்.

ஆகவே பேட் வாங்கக் கடைக்குப் போகும் முன், வண்டிக்கு இந்த இரண்டில் எது நடக்கிறது என்று பாருங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது

ஒரு சின்னக் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக் 130 கி.மீ. வேகத்தில் இருந்து 60-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே பிரேக்கில் ஏறக்குறைய 560 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ என்றால், ஒவ்வொரு பிரேக்குக்கும் டிஸ்க்கின் சூடு சுமார் 80 டிகிரி ஏறும். அடுத்த வளைவுக்குள் அது ஆறினால் பிழைத்தோம். கரி டிராக் 2.1 கி.மீ. நீளம்தான், நேர்ப்பாதைகளும் நீளமில்லை. ஆறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். நான்கைந்து சுற்றில் டிஸ்க் 400, 500 டிகிரியைத் தொடுவது இப்படித்தான்.

வண்டியோடு வரும், ஊருக்குள் ஓட்டும் கம்பெனி பேட் பெரும்பாலும் 300 முதல் 400 டிகிரிக்குள் களைத்துவிடும். அவினாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு அதுவே தாராளம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி பேடே டயரை லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கும், இல்லாவிட்டால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கு வேலையே இருக்காது. ஆகவே டிராக் பேட் போட்டால் ஒரு தடவை பிடிக்கும் பிரேக்கில் வண்டி பெரிதாக ஒன்றும் சீக்கிரம் நின்றுவிடாது. அந்தத் தூரத்தை முடிவு செய்வது டயர். பத்தாவது சுற்றிலும் முதல் சுற்று மாதிரியே நிற்பதற்குத்தான் டிராக் பேடுக்குக் காசு கொடுக்கிறோம்.

முதல் செலவு ஆயிலுக்கு

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவில் போட்டிருக்கும் டாட் எண் ஆயிலின் தரத்தைக் குறிக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஈரம் ஏறிய பிறகு இதே ஆயில்கள் முறையே 140, 155, 180 வரை இறங்கிவிடலாம். இரண்டு மூன்று வருஷமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்கு வருபவர் இந்த இரண்டாம் கணக்கில்தான் ஓட்டுகிறார்.

புது டப்பா டாட் 4 அல்லது 5.1 வாங்கி, பழையதை முழுசாக வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுங்கள் (குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது). வேகமாக ஓட்டுபவர் என்றால் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் போடலாம். அதன் கொதிநிலை 312 டிகிரி, ஆனால் அதைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிகான் ஆயில், 5.1-உடன் குழப்பிக்கொண்டு அதை ஊற்றிவிடாதீர்கள், மற்றதோடு சேராது. பெயின்ட் மேல் எந்த டாட் 4 சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பானெட் ஓரம் உரிந்து நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் கதை.

எந்தப் பேட்

பேட் பெட்டியில் "செராமிக்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்குபவர் நிறையப் பேர். சாதாரண செராமிக் பேட் சத்தமில்லாமல், தூசியில்லாமல் ஊருக்குள் ஓட்டுவதற்குச் செய்தது. டிராக்குக்கு அந்தப் பெயரால் ஒரு பலனும் இல்லை. பின் தகட்டில் ஈஈ, எஃப்எஃப், ஜிஜி என்று அச்சிட்டிருக்கும் இரட்டை எழுத்தும் முழுக் கதையைச் சொல்லாது. முதல் எழுத்து குறைந்த சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கூடுதல் சூட்டில் உள்ளது. எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஆனால் அந்த எழுத்தைத் தரும் சோதனையின் உச்சமே சுமார் 340 டிகிரிதான். நமக்கு வேண்டிய கேள்வி அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. தயாரிப்பாளர் தரும் சூடு–உராய்வு வரைபடத்தைக் கேளுங்கள். அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு தூரம் சரியாமல் போகிறது என்பதைப் பாருங்கள்.

முதல் தடவை டிராக்குக்கு வருகிறீர்கள், வண்டி சாதாரண ஸ்விஃப்ட் மாதிரி என்றால், பேடை மாற்றவே வேண்டாம். பாதிக்கு மேல் கனமுள்ள நல்ல கம்பெனி பேட், புது ஆயில், மூன்று சுற்று அழுத்தி ஓட்டி ஒரு சுற்று ஆறவிடுவது. இவ்வளவு போதும். மிச்சக் காசுக்கு இன்னொரு செஷன் போகலாம்.

இரண்டு மூன்று டிராக் டே முடித்து, பிரேக் களைப்பதை நீங்களே உணர ஆரம்பித்தால், ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட் வாங்குங்கள். பெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் இந்த வகை. காலையில் குளிர்ந்த டிஸ்க்கிலும் பிடிக்கும், 500 டிகிரி பக்கம் போனாலும் சட்டென்று கைவிடாது. கொஞ்சம் கிறீச்சிடும், ரிம் கறுப்பாகும். சொந்த வண்டியிலேயே டிராக்குக்கு வந்து அதிலேயே வீடு திரும்பும் பத்தில் ஒன்பது பேருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

முழு ரேஸ் பேட் வேறு ரகம். நல்ல சூடு ஏறும் வரை அது சரியாகப் பிடிக்காது. பொள்ளாச்சி ரோட்டில் விடியற்காலை குறுக்கே ஓர் ஆடு வந்தால், உங்கள் பேட் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். வண்டியை டிரெய்லரில் ஏற்றி வருபவர்களுக்கும் அங்கேயே பேட் மாற்றுபவர்களுக்கும்தான் அது.

முன்–பின் கணக்கு முக்கியம். நம் ஊர் ஹேட்ச்பேக் பலவற்றில் பின்னால் டிரம்தான், அதனால் பிரச்சினை இல்லை. முன் பேடை மட்டும் மாற்றினால் போதும். நான்கிலும் டிஸ்க் இருந்தால் பின்னால் மட்டும் பலமான பேட் போட்டுவிடாதீர்கள். வேகமாகப் பிடிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். ஒரே ஜோடி மாற்றப் பணம் இருந்தால் அது முன்பக்கத்துக்கு.

வாங்கும்போது பழைய பேட் ஒன்றைக் கையில் எடுத்துப்போங்கள். வெளிநாட்டில் அதே பெயரில் விற்கும் காருக்கும் இங்கே உள்ள காருக்கும் காலிப்பர் வேறாக இருப்பது சகஜம். பழையதன் மேல் புதியதை வைத்து, தகட்டின் காதும் ஓரமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

பைக்காரர்களுக்கு ஒரு வரி: உலோகப் பொடியைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்ட் பேட் சூடு நன்றாகத் தாங்கும், ஆனால் உங்கள் டிஸ்க் அதற்கு ஏற்றதுதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மாட்டுவதற்கு முன்

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வெர்னியரோ மைக்ரோமீட்டரோ வைத்து அளந்து பாருங்கள். ஓரத்தில் துருப்பிடித்து மேடாகி நிற்கும் விளிம்பில் வைத்து அளந்தால் தப்பான கணக்கு வரும், பேட் உரசும் இடத்தில் அளக்க வேண்டும். அந்தக் கனத்தை நெருங்கிவிட்ட டிஸ்க்கை லேத்தில் கொடுத்து மட்டம் செய்யாதீர்கள். கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்கு ஒரு லேத் இருப்பதால் "ஒரு கட்டிங் போட்டுக் கொடுத்துடுங்க" என்று கேட்பது நமக்குக் கைவந்த பழக்கம். ஆனால் மெலிந்த டிஸ்க்குக்குச் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைந்துவிடும். மேலே போட்ட கணக்கில் 80 டிகிரி 90, 100 ஆகும்.

கனம் இருக்கிறது, பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம் என்றால், பழைய பேடின் படலத்தை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பளபளப்பு போய் மங்கும் வரை தேயுங்கள். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடையுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அதன் பிறகு கிளீனர் போடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் டிராக் சூட்டில் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடும். நடுவில் காற்று போக வழியுள்ள சாதா வென்டிலேட்டட் டிஸ்க்கே நல்லது, வேண்டுமானால் கோடு வெட்டியது.

காலிப்பரின் சறுக்குப் பின்கள் விரலால் தள்ளினால் போய்வர வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் போடுங்கள். பின் இறுகியிருந்தால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், அல்லது ஆப்பு மாதிரி சரிந்து தேயும். அதைப் பார்த்துப் பேடைத் திட்டுவார்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா பொங்குகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். பேட் முகத்தில் கிரீஸ் கையை வைக்காதீர்கள். எல்லாம் மாட்டி முடித்து, வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டு வர வேண்டும். இதை மறந்தால் முதல் மிதிக்குப் பிரேக்கே இருக்காது, ஷெட் சுவர்தான் வண்டியை நிறுத்தும்.

பெட்-இன்: என்ன நடக்கிறது

புதுப் பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடு ஒன்று பழக்குவதுதான் பெட்-இன். புதுப் பேடும் சுத்தமான டிஸ்க்கும் சேர்ந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படிய வேண்டும். அதன் பிறகு பேட் உரசுவது இரும்பில் அல்ல, அந்தப் படலத்தில்தான். புதுத் தோசைக்கல்லைப் பழக்காமல் மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்: அங்கங்கே ஒட்டும், அங்கங்கே வராது. அந்தத் திட்டுத் திட்டான படலத்தில் பேட் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் ஆடும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று மெக்கானிக் சொல்லும் வண்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் நேராகத்தான் இருக்கும், மேலே படிந்தது சீராக இல்லை, அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் மேலும் மேலும் சூடேற்றினால், திட்டு படிந்த இடத்தில் 650, 700 டிகிரிக்கு மேல் போய் இரும்பே கெட்டியான சிமென்டைட்டாக மாறிவிடும். அதற்குப் பிறகு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

படலத்தோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. புதுப் பேடில் இருக்கும் பிசின் முதல் தடவை சூடாகும்போது வாயு விடும். டிராக்கின் நடுவில் முழு வேகத்தில் அது நடக்காமல், நம் கட்டுப்பாட்டில் நடக்க வைக்க வேண்டும்.

எங்கே செய்வது

டிராக்கிலேயே, முதல் செஷனில். மலை ரோட்டில் வேண்டாம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27. "இறங்கினா தானா செட் ஆயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மலையில் இறங்கும்போது லேசாக நீண்ட நேரம் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவோம். பேட் சூடாகும், ஆனால் அழுத்தம் வராது. அப்புறம் ஒரு வளைவில் மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, சூடான டிஸ்க்கின் மேல் பெடலை மிதித்தபடி ஒரு நிமிஷம் நிற்போம். பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும். சக்கர ஆரங்களின் இடைவெளி வழியாகப் பார்த்தாலே பேட் வடிவத்தில் கருமையான ஒரு தடம் தெரியும். பைபாஸும் வேண்டாம், பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் பெட்-இன் செய்கிறீர்கள் என்று தெரியாது.

டிராக்கில் ஆரம்பிக்கும் முன் மார்ஷலிடம் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் வேகமாகப் போகும் கோட்டை விட்டு ஒதுங்கி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

வரிசை

பேட் பெட்டிக்குள் தயாரிப்பாளர் தாள் இருந்தால் அதுதான் வேதம். சில பேட் ஆலையிலேயே சூடேற்றி வரும், அதற்குப் பாதி வேலைதான். தாள் இல்லையென்றால் பொதுவான வரிசை இது.

1. 60 கி.மீ. வேகத்தில் இருந்து 20-க்கு, பாதி அழுத்தத்தில், எட்டு முதல் பத்து தடவை. எங்கேயும் முழுசாக நிற்கக் கூடாது. இதன் நோக்கம் டிஸ்க், பேட், காலிப்பர் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சூடாவது மட்டும்.

2. அடுத்து 100-ல் இருந்து 30-க்கு, அழுத்தமாக, ஏபிஎஸ் துடிக்கும் எல்லைக்குச் சற்று முன்பு வரை. மறுபடி எட்டு முதல் பத்து. ஒரு பிரேக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே வேகம் ஏற எடுக்கும் நேரமே போதுமான இடைவெளி. ஏபிஎஸ் துடித்தால் அழுத்தம் விட்டு விட்டு வரும், படலமும் விட்டு விட்டுப் படியும்.

3. இந்த இரண்டாம் கட்டத்தின் நடுவில் சுட்ட பிசின் நாற்றம் வரும், சக்கரத்தில் லேசாகப் புகையும் வரலாம், பெடலுக்குப் பிடிப்பு குறைந்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், பேட் வாயு விடுகிறது. அழுத்தத்தைக் குறைத்து இன்னும் இரண்டு மூன்று தடவை பிடித்தால் பிடிப்பு திரும்பி வரும், முன்பைவிடத் திடமாக. திரும்பி வரவில்லை என்றால் அத்தோடு நிறுத்தி ஆறவிடுங்கள்.

4. பிறகு ஐந்து முதல் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல், மெதுவாக, கியரிலேயே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பிட்டுக்குள் வந்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, பெடலிலும் கால் இருக்கக் கூடாது. கியரில் விட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள்.

5. டிஸ்க் முழுசாக ஆறட்டும். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். தண்ணீர் ஊற்றி ஆற்றும் யோசனையே வேண்டாம், விரிசல் விடும். ஆடிக் காத்து எப்படி அடித்தாலும் சக்கரத்துக்குள் இருக்கும் டிஸ்க் அதன் போக்கில்தான் ஆறும்.

நான்காவது படியைத்தான் ஆட்கள் கோட்டை விடுவார்கள். பத்து தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, நேராக பிட்டுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். செய்த வேலை அத்தனையும் அந்த ஒரு இழுப்பில் வீணாகும், குறிப்பாகப் பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டியில்.

சரியாக வந்ததா

ஆறிய டிஸ்க்கை டார்ச் அடித்துப் பாருங்கள். எந்திரத்தில் வெட்டிய வெள்ளிப் பளபளப்பு போய், முழு வட்டமும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில், கொஞ்சம் நீலம் கலந்து இருக்க வேண்டும். நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுத்தால் எங்கேயும் தடுக்கக் கூடாது. பளபளப்பான வளையமும் மங்கலான வளையமும் மாறி மாறித் தெரிந்தால் பேட் முழு முகமும் இன்னும் தொடவில்லை; இரண்டாம் கட்டத்தை மறுபடி செய்யலாம். பேட் வடிவத்திலேயே திட்டு தெரிந்தால் சூட்டோடு நிறுத்தியிருக்கிறீர்கள். உப்புத்தாள் போட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி பலரிடம் இருக்கிறது. பளபளப்பான இரும்பில் அது குறைத்துக் காட்டும், ஆறும் சுற்று ஓட்டிவிட்டு வந்து அளந்தால் இன்னும் குறையும். டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்ப பெயின்ட் நம்பகமானது. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். மூன்றையும் பூசி ஒரு செஷன் ஓட்டினால் உங்கள் வண்டிக்கு எந்தப் பேட் வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பச்சையே மாறவில்லை என்றால் ரேஸ் பேடுக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம். சிவப்பும் மாறிவிட்டால் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை, டிஸ்க்குக்குக் காற்று போக வழி செய்ய வேண்டும்.

ஓட்டும்போதும் அதற்குப் பிறகும்

பெட்-இன் முடிந்த அடுத்த செஷனை முக்கால் வேகத்தில் ஆரம்பியுங்கள். பிரேக்கைக் குறைந்த நேரம், அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். பயத்தில் தூரத்திலிருந்தே லேசாக மிதித்துக்கொண்டு வருவதுதான் அதிகச் சூடு. ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றும் ஆறவிடும் சுற்று.

மதிய இடைவேளையில் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பாருங்கள். ஓரம் உதிர்ந்திருக்கிறதா, குறுக்கே விரிசலா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கருகியிருக்கிறதா. பேடின் கனம் குறையக் குறைய சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் கடத்தப்படும். ஊருக்குள் 3 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், ஆனால் டிராக் நாளை 6 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள பேடோடு ஆரம்பிக்காதீர்கள். பெடல் கொஞ்சமேனும் மெத்தென்று ஆகியிருந்தால் அங்கேயே ஒரு தடவை ஏர் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

டிராக் பேடைக் கழற்றி ஊர்ப் பேட் மாட்டுபவர்கள், கழற்றும்போதே தகட்டின் பின்னால் "முன்–இடது–உள்" என்று மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே இடத்துக்கு அதே பேட் போக வேண்டும். இரண்டு பேடின் பொருளும் வேறு என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உப்புத்தாள், கிளீனர், சுருக்கமான ஒரு பெட்-இன் உண்டு. அந்த வேலை அலுப்பாக இருந்தால் டிராக் பேடுக்கென்று தனியாக ஒரு ஜோடி டிஸ்க் வாங்கி, பேடையும் டிஸ்க்கையும் சேர்த்தே கழற்றி மாட்டுங்கள்.